சிக்னலில் திரும்பும்போது நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

ஓரப்பாதை:
வலப்பக்கம் திரும்பும் வரிசையில் நிற்கிறேன். பச்சை அம்பு விழுந்தாயிற்று, அடுத்து நான்தான் போக வேண்டும். இடது ஓரத்தில் நேராகப் போகிற வரிசையில் நின்ற வெள்ளைக் கார், எல்லா வரிசையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் திரும்பியது. அதுகூடப் பழகிப்போனதுதான். ஓட்டியவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து "நில்லு" என்று காட்டினார் பாருங்கள், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்! அந்தக் கைதான் இன்னும் உறுத்துகிறது. இண்டிகேட்டரா? அது இடப்பக்கம் எரிந்துகொண்டிருந்தது.

சிவப்புக்கு நிற்பவன்:
எனக்கு நேர்ந்தது வேறு. நேராகப் போக வேண்டும், இடது வரிசையில் சிவப்புக்கு நிற்கிறேன். பின்னால் ஒருவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஃப்ரீ லெஃப்டாம், அதாவது சிவப்பிலும் நிற்காமல் இடப்பக்கம் திரும்பலாமாம். அங்கே அப்படி ஒரு பலகையும் கிடையாது, அம்பு விளக்கும் கிடையாது. கடைசியில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "லெஃப்ட் ஃப்ரீன்னு தெரியாதா சார்? லைசென்ஸ் எப்படி வாங்கினீங்க?" நான் ஸ்டாப் லைனைக் காட்டினேன். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது, நான் கிளம்பிவிட்டேன். அவர் கார் மட்டும் ஆளில்லாமல் வரிசையில் நிற்க, பின்னால் இருந்தவர்கள் இப்போது அவரைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள்.

நாலுவழி:
மேலே எழுதியவர் மேல்தான் தப்பு. நேராகப் போகிறவருக்கு இடது ஓரத்தில் என்ன வேலை? உங்களைப் போல ஒருவர் பின்னால் மாட்டிக்கொண்டு ஒரு சிக்னல் முழுக்க நின்றிருக்கிறேன். என் கதை அவ்வளவுதான், ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். வரிசையைச் சந்திப்புக்கு வந்த பிறகு தேடக்கூடாது, வெகு முன்பே பிடித்துவிட வேண்டும். இந்தியாவில் 1989 விதிகளிலேயே இது உண்டு: இடப்பக்கம் திரும்புகிறவர் இடது ஓரத்தை ஒட்டி வர வேண்டும், வலப்பக்கம் திரும்புகிறவர் சாலையின் நடுவை ஒட்டி வந்து, நுழைகிற சாலையின் இடப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். 2017இல் புதிய விதிமுறைகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தன, யாராவது படித்தார்களா என்பது வேறு கேள்வி. ஸ்டாப் லைனுக்கு முன்னால் வெள்ளைக் கோடு விட்டு விட்டு இல்லாமல் தொடர்ச்சியாக இருந்தால் அதைத் தாண்டி வரிசை மாறக் கூடாது. தவறான வரிசையில் மாட்டிக்கொண்டால் பேசாமல் நேராகப் போய் அடுத்த இடத்தில் திரும்பி வாருங்கள். இரண்டு வரிசை சேர்ந்து வலப்பக்கம் திரும்புகிற இடத்தில், உள்வரிசையில் இருப்பவர் திரும்பி முடிக்கும்வரை உள்வரிசையிலேயே இருக்க வேண்டும். மஞ்சள் கட்டம் போட்ட இடத்தில், வெளியே போக இடம் இருந்தால்தான் உள்ளே நுழைய வேண்டும்.

சிவப்புக்கு நிற்பவன்:
நாலுவழி, இடப்பக்கம் திரும்புகிறவர் ஓரத்தை ஒட்டி வர வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி. நேராகப் போகிறவர் அங்கே நிற்கக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது?

டிராம் மணி:
நீங்கள் இதற்கே சண்டை போடுகிறீர்கள். மெல்போர்ன் நடு நகரத்தில் 'ஹுக் டர்ன்' என்று ஒன்று இருக்கிறது. டிராம் சாலை நடுவில் ஓடுவதால், பலகை வைத்த சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப இடது வரிசையில் வர வேண்டும். பச்சையில் உள்ளே போய் இடது ஓரமாக ஒதுங்கி நின்று, நுழையப்போகிற சாலைக்குப் பச்சை விழுந்த பிறகு திரும்ப வேண்டும். முதல் தடவை வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு சந்திப்பின் இடது ஓரத்தில் நிற்கிறேன், குறுக்குச் சாலையில் சிவப்புக்கு நிற்கிற அத்தனை வண்டியும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் டிராம் டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டு போகிறது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆனால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

நடந்து போகிறவள்:
எல்லாரும் வண்டிக்காரர்களாகவே பேசுகிறீர்கள். நான் அமெரிக்காவில் நடந்து போகிறவள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம் என்று, சிவப்பிலும் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம் என்பதை நாடு முழுக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். நியூயார்க் நகரத்தில், பலகை அனுமதித்தால் தவிரக் கூடாது. நான் இருப்பது நியூயார்க் இல்லை. திரும்புகிறவர் தமக்கு இடப்பக்கமிருந்து வருகிற கார்களை மட்டும் பார்க்கிறார், வலப்பக்கத்து நடைபாதையிலிருந்து இறங்குகிற என்னைப் பார்ப்பதில்லை. ஒருவர் அப்படியே உருட்டிக்கொண்டு வந்தபோது பானட்டில் ஓங்கி அறைந்தேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு முதலில் பார்த்தது என்னை இல்லை, பானட்டை!

டிரெய்லர்:
நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். இடப்பக்கம் திரும்ப முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்துத்தான் ஆக வேண்டும், பின்சக்கரம் உள்ளே வாங்கும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் ஒரு பையன் பைக்கை உள்ளே விட்டுவிட்டான். கிளீனர் கதவைப் பட் பட்டென்று அடித்தான், பிரேக் போட்டேன். பைக் கைப்பிடிக்கும் டயருக்கும் ஒரு சாண்தான் இருந்திருக்கும். "லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டுட்டு ரைட்ல ஏன்யா ஒடிக்கிறே?" என்று அவன் என்னைத் திட்டுகிறான்.

நாலுவழி:
டிரெய்லர் அண்ணே, இடப்பக்கம் கூடுதலாக ஒரு குவிகண்ணாடி மாட்டினால் இந்தப் பிரச்சினையே வராது. திரும்புவதற்கு முன்னால் கிளீனரை இறக்கி நிறுத்துவதும் நல்லது.

டிரெய்லர்:
கண்ணாடியெல்லாம் இருக்கிறது தம்பி. வண்டி ஒடிய ஆரம்பித்ததும் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டுத்தான் தெரியும், பின்சக்கரம் தெரியாது. பச்சை விழுந்த சிக்னலில் கிளீனரை இறக்கி நிறுத்தச் சொல்கிறீர்களே, ஒருநாள் கேபினில் வந்து உட்காருங்கள், அப்புறம் பேசலாம்.