புதர் மறைத்த வேகப் பலகை: உங்களுக்கும் நடந்ததா?

மண்வாசனை, கென்ட்:
போன ஜூன். விளக்கில்லாத கிராமத்துச் சாலை, வேக வரம்பு மணிக்கு 60 மைலிலிருந்து 40 ஆகிற இடம். கேமரா வேன் கண்ணில் பட்டது, பலகை படவில்லை. பன்னிரண்டாம் நாள் போலீஸ் கடிதம்: நான் போனது 55. அன்று மாலையே போய்ப் பார்த்தேன். சிவப்பு வட்டத்துக்குள் 40, பளிச்சென்று நிற்கிறது. கீழே புல்லில் வெட்டிப் போட்ட புதர்க்கிளைகள், இலைகூட வாடவில்லை. அந்த இலைகளைப் பார்த்தபடியே எவ்வளவு நேரம் நின்றேனோ! வரம்பைப் பலகை காட்டாவிட்டால் தண்டிக்க முடியாது என்கிற பிரிட்டனின் 1984 சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு என் பக்கம்தான். ஆனால் பலகை மறைந்திருந்ததற்கு ஒரு படம்கூட இல்லை. 100 பவுண்டு அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளியும் ஏற்றுக்கொண்டேன்.

லெஸ்டர் தம்பி:
சட்டத்தை அவ்வளவு நம்பாதீர்கள் அண்ணா. நான் கோர்ட் வரை போனேன். ஒரு மைல் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் ஒரு 30 பலகை இல்லை. அங்கே கேட்டது ஒரே கேள்வி: "தெருவிளக்கு இருந்ததா?" இருந்தது. 200 கஜத்துக்குள் ஒன்றாக விளக்குக் கம்பம் நின்றால் இங்கிலாந்தில் அதுவே 30.

ஹாரோ அக்கா:
தம்பி, அது 30க்கு மட்டும். அண்ணா போனது விளக்கில்லாத 40. அங்கே பலகைதான் எல்லாம். நானும் வேல்ஸில் மாட்டினேன். 2023 செப்டம்பர் 17 முதல் அங்கே விளக்குள்ள சாலை 20, நான் பழக்கத்தில் 30 போனேன். என் கதை கிடக்கட்டும்.

யாருக்குக் கடிதம் வந்தாலும், ஓட்டியது யார் என்ற படிவத்தை 28 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், வழக்காடுவதாக இருந்தாலும் சரி. அனுப்பாவிட்டால் அதற்கே 6 புள்ளி. டேஷ்கேம் பதிவு அழிவதற்குள் எடுத்து வையுங்கள். படம் எடுத்தால் ஓட்டுநர் கண் உயரத்தில், நீங்கள் வந்த திசையிலிருந்தே எடுங்கள். ஒரு பக்கப் பலகை மட்டும் மறைந்திருந்தது என்று வாதாடிப் பயனில்லை. 2016 சாலைப் பலகை விதிகளுக்கு அப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்புறம், புதரை எந்தத் தேதியில் வெட்டினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி கவுன்சிலிடம் கேட்கலாமே?

மண்வாசனை, கென்ட்:
வெட்டிய தேதி! அது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. புள்ளி ஏறிவிட்டது, தெரியும். ஆனாலும் இன்று ராத்திரியே எழுதிக் கேட்கிறேன்.