திருச்சியிலிருந்து ஜப்பான், கையில் ஒன்பது நாள்: மலிவு டிக்கெட் எடுக்கலாமா?

உறையூர்க்காரி:
வணக்கம். நவம்பர் கடைசியில் அம்மாவை ஜப்பானுக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். டோக்கியோ, கியோத்தோ இரண்டும் பார்க்க வேண்டும். கியோத்தோவில் மேப்பிள் இலை சிவக்கும் சமயம் அது. ஐந்து நாள் லீவு கிடைக்கும், முன்னும் பின்னும் சனி ஞாயிறு சேர்த்து ஒன்பது நாள். அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. ஒரு ஆளுக்குப் போகவர நான் பார்த்த விலைகள் இவை:

அ) திருச்சி–கோலாலம்பூர் பாத்திக் ஏர், அங்கிருந்து டோக்கியோவுக்கு ஏர்ஏசியா எக்ஸ். தனித்தனி டிக்கெட். மொத்தம் சுமார் 30,000. நடுவில் மூன்று மணி நேரம்.
ஆ) அதே கோலாலம்பூர் வழி, ஆனால் முழுக்க ஏர்ஏசியா, ஒரே டிக்கெட், 37,000. இரவு பத்தரைக்கு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கும்.
இ) ஸ்கூட், சிங்கப்பூர் வழியாக நரிட்டா (டோக்கியோவின் இன்னொரு விமான நிலையம்), 44,000. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பதினைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
ஈ) பெங்களூரிலிருந்து நரிட்டாவுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் நேரடி விமானம், 65,000.

முதலாவதற்கும் கடைசிக்கும் இரு மடங்கு வித்தியாசம். மிச்சமாகும் பணத்தில் அங்கே நல்ல ஓட்டலில் தங்கலாமே என்று தோன்றுகிறது. நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?

பொன்மலை ரயில்வே:
சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களே? அதைப் பார்த்தீர்களா?

மலைக்கோட்டை:
அது பழைய கதை சார். ஏஎன்ஏ என்ற ஜப்பான் விமான நிறுவனம் 2019 அக்டோபரில் சென்னை–நரிட்டா ஆரம்பித்தது, கொரோனாவோடு நின்றுவிட்டது.

உறையூர்க்காரிக்கு: (அ)வை மறந்துவிடுங்கள். கோலாலம்பூரில் பாத்திக் ஏர் இறங்குவது முதல் முனையம், ஏர்ஏசியா கிளம்புவது இரண்டாம் முனையம். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாக மாறாது. குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, முனையங்களுக்கு இடையிலான ரயிலைப் பிடித்து, மறுபடி கவுன்டரில் பெட்டியைப் போட வேண்டும். ரயில் பயணம் மூன்று நான்கு நிமிடம்தான், நேரத்தைத் தின்பது வரிசைகள். கவுன்டரையும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக உங்கள் மூன்று மணி நேரம் உண்மையில் இரண்டுதான்.

திருச்சியிலேயே விமானம் ஒன்றரை மணி தாமதமானால் என்ன ஆகும்? இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். டோக்கியோவுக்கு அன்றைய விலையில் புது டிக்கெட். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. 7,000 ரூபாய் வித்தியாசம் இதற்குத்தான்.

கைப்பை மட்டும்:
எல்லோரையும் இப்படிப் பயமுறுத்த வேண்டாம். நான் தனித்தனி டிக்கெட்டில்தான் போவேன், பெட்டி போடுவதே இல்லை, நடுவில் ஒரு ராத்திரி கோலாலம்பூரில் தங்கிவிடுவேன். மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2026 கடைசி வரை விசா தேவையில்லை, வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் எம்டிஏசி என்ற வருகைப் படிவம் நிரப்பினால் போதும். கொஞ்சம் ஊர் சுற்றிய மாதிரியும் ஆச்சு.

மலைக்கோட்டை:
ஒரு மாதம் சுற்றுகிறவருக்கு அது சரி. ஒன்பது நாளில் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி வழியிலேயே போனால் ஜப்பானுக்கு என்ன மிஞ்சும்? ஏர்ஏசியாவில் கைப்பை மொத்தம் ஏழு கிலோ. நவம்பர் குளிருக்கு அம்மாவின் கம்பளி உடுப்புக்கே அது காணாது.

சாங்கி பக்கம்:
(இ) பற்றி. ஒரே டிக்கெட் என்பதால் சிங்கப்பூர் விசா இல்லாமல் உள்ளேயே மாறிக்கொள்ளலாம், பெட்டி நேராக நரிட்டா போய்விடும். ஆனால் பதினைந்து மணி நேரம் அம்மாவை நாற்காலியில் உட்கார வைப்பீர்களா? எல்லோரும் சொல்லும் ஜுவல் அருவி (விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் இருப்பது) குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. மாறிப் போகிறவர்கள் முனைய ரயிலில் போகும்போது கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். முனையத்துக்குள்ளேயே தங்கும் அறை எடுக்கலாம், அந்த வாடகையையும் 44,000 உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறையூர்க்காரி:
நன்றி. (அ), (இ) இரண்டையும் அடித்துவிட்டேன். இப்போது (ஆ)வில் இரு வழிக்கும் 20 கிலோ பெட்டி, சாப்பாடு, பக்கத்துப் பக்கத்து இருக்கை எல்லாம் போட்டுப் பார்த்தால் 37,000 என்பது 47,000 ஆகிறது! ஜப்பான் ஏர்லைன்ஸில் இதெல்லாம் சேர்த்துத்தான் 65,000. நேரடி விமானம், விடிகாலையில் நரிட்டா. 18,000 கூடக் கொடுத்தால் நிம்மதி இல்லையா?

மலைக்கோட்டை:
நேரடிதான், ஆனால் பெங்களூரிலிருந்து. நீங்கள் இருப்பது உறையூரில். மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் பெங்களூரு, அப்புறம் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு டாக்ஸி, விமானம் வரை பகலை ஓட்ட வேண்டும். திருச்சி–பெங்களூரு இண்டிகோவைத் தனியாக எடுத்தால் (அ)வில் இருந்த அதே ஆபத்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். ஜப்பான் ஏர்லைன்ஸுக்கும் இண்டிகோவுக்கும் கோட்ஷேர் உண்டு, அதாவது இண்டிகோ விமானத்தையும் சேர்த்து ஜப்பான் ஏர்லைன்ஸே டிக்கெட் விற்கும். புறப்படும் இடமாகத் திருச்சியையே போட்டுத் தேடுங்கள். ஒரே டிக்கெட்டாக வந்து விலையும் கட்டுப்படியானால் நான் அதைத்தான் எடுப்பேன்.

நிஷிகசாய் தமிழன்:
டோக்கியோவில் இருக்கிறேன். விமானத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இறங்கியபின் ஆகும் செலவையும் பாருங்கள்.

நரிட்டா நகரத்திலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி. ஸ்கைலைனர் ரயிலில் நகரத்துக்குள் இருக்கும் நிப்போரி நிலையம் வரை நாற்பது நிமிடம், ஆளுக்கு சுமார் 2,500 யென். ஹனேடா ஊருக்குள்ளேயே என்று சொல்லலாம். ஆனால் பத்தரைக்கு இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுப்பதற்குள் பதினொன்றரை. நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும், அப்புறம் டாக்ஸிதான், அதுவும் ராத்திரிக் கட்டணத்தில். அதனால் முதல் ராத்திரிக்கு ஷின்ஜுகு, அசகுசா என்று தூரமாக அறை போடாதீர்கள். ஹனேடாவிலிருந்து கேய்க்யூ என்ற தனியார் ரயிலில் பத்து நிமிடத்தில் கமாதா என்ற இடம் வந்துவிடும், அங்கே சின்ன பிசினஸ் ஓட்டல்கள் நிறைய. தூங்கி எழுந்து காலையில் நகரத்துக்குள் போங்கள்.

அடுத்தது, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று: ஏன் டோக்கியோவிலிருந்தே திரும்ப வேண்டும்? கியோத்தோவை முடித்துவிட்டு ஒசாகா கன்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்புங்கள். ஏர்ஏசியா எக்ஸ் அங்கிருந்தும் கோலாலம்பூர் போகிறது. கியோத்தோவிலிருந்து மறுபடி டோக்கியோ வந்தால் ஷின்கன்சென் (புல்லட் ரயில்) ஒரு வழிக்கு ஆளுக்கு சுமார் 14,000 யென், அரை நாளும் போச்சு. ஜேஆர் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு ஜேஆர் ரயில்களில் இஷ்டம்போல் போகும் சீட்டு) வாங்கினால் போதும் என்பார்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோ–கியோத்தோ போகவர மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம்.

உறையூர்க்காரி:
அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா சுத்த சைவம், அங்கே சாப்பாடு எப்படி?

நிஷிகசாய் தமிழன்:
காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு இருக்கும், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நிஷிகசாயில் இந்தியக் கடைகள் இருக்கின்றன, அரிசி பருப்புக்குக் கவலையில்லை. பருப்புப்பொடி கொண்டுவாருங்கள். இறைச்சி சேர்ந்த பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது, சுங்கத்தில் கறார்.

கைப்பை மட்டும்:
விசா பற்றி யாரும் சொல்லவில்லை. 2024 ஏப்ரலிலிருந்து நமக்கு ஜப்பான் இ-விசா. விண்ணப்பிப்பது விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையம் வழியாக. விமான நிலையத்தில் விசா பக்கத்தை இணையத்தில் திறந்து நேரடியாகக் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டோ அச்சோ செல்லாது. கோலாலம்பூரில் ஏறும்போதும் கேட்கலாம், போனில் டேட்டா வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உறையூர்க்காரி:
மலைக்கோட்டை சார் சொன்னபடி திருச்சியைப் போட்டுத் தேடினேன். நான் போகும் தேதிக்கு 78,000 காட்டுகிறது. ஆளுக்கு 31,000 வித்தியாசம், இரண்டு பேருக்கு 62,000. அதனால் ஏர்ஏசியாதான். போகும்போது ஹனேடா, திரும்பும்போது ஒசாகா. பெட்டியெல்லாம் சேர்த்து 48,500 வருகிறது, ஷின்கன்சென் ஒரு தடவை மிச்சம். கமாதாவில் முதல் ராத்திரிக்கு அறை பார்த்துவிட்டேன். விசா கைக்கு வந்தபின் டிக்கெட் எடுக்கட்டுமா, இப்போதேவா?

மலைக்கோட்டை:
மேப்பிள் சமயத்துக்கு விலை இறங்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் வரியைத் தவிர எதுவும் திரும்பாது, அதையும் தெரிந்துகொண்டு எடுங்கள். வேலை, வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் எல்லாம் ஒழுங்காக இருந்தால் நான் இப்போதே எடுப்பேன். ஏஜென்ட் தளத்தில் 300 ரூபாய் குறைவு என்று போகாமல் நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். நேரம் மாற்றினால் தகவல் உங்களுக்கே வரும்.

சாங்கி பக்கம்:
கோலாலம்பூரிலிருந்து போகும் ஏர்ஏசியாவின் ஏ330 விமானத்தில் வரிசைக்கு ஒன்பது இருக்கை, 3-3-3, நெருக்கம் அதிகம். ஏழு மணி நேரப் பயணம். அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரமாவது முன்பு சக்கர நாற்காலியும் பதிவு செய்துவிடுங்கள், கோலாலம்பூர் இரண்டாம் முனையத்தில் நடை ரொம்ப தூரம்.

உறையூர்க்காரி:
சக்கர நாற்காலி என்றால் அம்மா சண்டைக்கு வருவாள். பதிவு செய்துவிட்டு அங்கே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.