உபுண்டுவில் மட்டும் வைஃபை மந்தம், அதே லேப்டாப்பில் விண்டோஸில் முழு வேகம்

கேள்வி:
பழையதாக வாங்கிய லேப்டாப், விண்டோஸும் உபுண்டுவும் ஏற்கெனவே போட்டே வந்தது. விண்டோஸில் வேகம் பார்த்தால் 90 எம்பிபிஎஸ் தாண்டுகிறது, உபுண்டுவில் 20-ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது. அதே மேசை, அதே ரூட்டர், இரண்டிலும் 5 கிகாஹெர்ட்ஸ்தான். லேன் கேபிள் செருகினால் உபுண்டுவிலும் முழு வேகம் வருகிறது, அதனால் இணைப்பு கொடுப்பவரைக் குறை சொல்ல வழியில்லை. கார்டு இன்டெல் 7260. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக உபுண்டு போடலாம், ஆனால் காரணம் தெரியாமல் அதைச் செய்ய மனசு வரவில்லை.

பதில் 1:
பவர் சேவிங்கை நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி கோப்புறையில் உபுண்டுவே ஒரு கோப்பு வைத்திருக்கும், அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று இருந்தால் சேமிப்பு ஓடுகிறது என்று அர்த்தம். 2 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2:
வைஃபை என்றாலே எல்லோரும் பவர்சேவில் போய் நிற்கிறீர்கள். அதனால் வரும் தொல்லை பிங்கில் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) தெரியும்: ரூட்டருக்கே பிங் அடித்தால் ஒருமுறை 2 மில்லிசெகண்ட், அடுத்தமுறை 150, அப்புறம் மறுபடி 3 என்று குதிக்கும். இவருக்கு ஒரே சீராக 20-இல் நிற்கிறது, இது வேறு வியாதி. டெர்மினலில் ஐடபிள்யூ கருவியிடம் லிங்க் விவரம் கேளுங்கள், வருவதில் சிக்னல், டிஎக்ஸ் பிட்ரேட் என்ற இரண்டு வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். பிட்ரேட் என்பது கார்டும் ரூட்டரும் காற்றில் பேசிக்கொள்ளும் வேகம், நம் கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதிதான்.

கேட்டவர்:
பவர்சேவை 2 ஆக்கினேன், மாற்றம் இல்லை. பிங் சீராகத்தான் இருக்கிறது. சிக்னல் மைனஸ் 46 டிபிஎம், டிஎக்ஸ் பிட்ரேட் 54.0.

பதில் 2:
அந்த 54-தான் விஷயம். சிக்னல் அருமையாக இருக்கிறது, ஆனால் கார்டு 1999-இல் வந்த 802.11ஏ காலத்து வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது, அதன் உச்சவரம்பே 54. புதிய தரங்கள் யாரோ தடுத்ததுபோல் மூடிக் கிடக்கின்றன. ரூட்டரில் பாதுகாப்பு முறை டிகேஐபி என்று இருந்தாலும் இதே 54 வரும், 11என் (802.11என் என்ற பிந்தைய, வேகமான தரம்) வேகத்தில் டிகேஐபி-க்கு அனுமதி கிடையாது. ஆனால் அப்படி இருந்தால் விண்டோஸும் சேர்ந்து படுத்திருக்கும். ஆக மிஞ்சுவது டிரைவர். இடிசி அடியில் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ஐடபிள்யூஎல்வைஃபை (இன்டெல் வைஃபை டிரைவரின் பெயர்) என்று எங்காவது வருகிறதா தேடுங்கள், 11என்_டிசேபிள்=1 என்ற வரி கிடைத்தால் அதுதான் ஆள். ஒரு காலத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தவர்களுக்கு இணையம் முழுக்க இந்த வரியைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள், அது 11என்-ஐயே அணைத்துவிடும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. 11என் போனால் அதற்கு அடுத்த தரமான 11ஏசி-யும் கூடவே போய்விடும்.

பதில் 3:
இவருக்கு இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள், அதன் கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக அந்த அலைவரிசையில் விழும். ப்ளூடூத் ஹெட்ஃபோனும் அங்கேதான் ஓடுகிறது. டிரைவரை நோண்டுவது அதற்கு அப்புறம்.

கேட்டவர்:
இருந்தது! கோப்பில் அந்த ஒரே வரிதான், முன்பு வைத்திருந்தவர் போட்டிருக்க வேண்டும். நீக்கிவிட்டு ரீபூட் செய்தேன். இப்போது பிட்ரேட் 866.7, பக்கத்திலேயே விஎச்டி (11ஏசி-யின் அடையாளம்), 80 மெகாஹெர்ட்ஸ் என்றெல்லாம் காட்டுகிறது, வேகம் விண்டோஸுக்குச் சமம். ஒரே சந்தேகம், அவர் அதைக் காரணமாகத்தானே போட்டிருப்பார், இனிமேல் எனக்கு இணைப்பு அறுந்தால்?

பதில் 2:
அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம், அவர் காலத்து டிரைவர் வேறு, இப்போதையது வேறு. அப்படியே அறுந்தாலும் 11என்_டிசேபிள்-இல் 1-க்குப் போகாதீர்கள், 4 போட்டுப் பாருங்கள். 11என் அப்படியே இருக்கும், வரும் பாக்கெட்டுகளைக் கட்டாகச் சேர்த்து வாங்கும் வசதி மட்டும் நிற்கும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் 54-இல் போய் முட்டாது.