ஹெட்ரூமுக்குத் தமிழ்: தலையிடமா, எஞ்சுதிறனா, கையிருப்பா?

எல்லாருக்கும் வணக்கம். ஹோம் தியேட்டர் கையேட்டை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ‘ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்தம்’ என்ற பகுதி ஹெட்ரூம் என்ற இந்த ஒரு சொல்லுக்காகவே நிற்கிறது. ஆம்ப்ளிஃபயர் வழக்கமாகத் தரும் திறனுக்கும் (பவர்) அதனால் தர முடிகிற உச்சத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஹெட்ரூம். நீங்கள் அனுப்பிய சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> தலையிடம் போதுமே, அப்படியே ஒத்து வருகிறது.

ஒத்து வருவது ஆங்கிலத்தோடு. தமிழ்க் காதுக்குத் தலையிடம் என்றால் முதன்மையான இடம், தலைநகர், தலைவாசல் மாதிரி. மேலிடம் என்றாலோ கட்சி மேலிடம்தான்.

> எஞ்சுத்திறன் அல்லது திறன்மிகை

முதலில் ஒற்று. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது, எஞ்சுதிறன்தான். ஆனால் எஞ்சுவது என்றால் செலவு போக மீந்தது. மிகை என்றாலோ வேண்டாதது, மிகைபடக் கூறலை நூற்குற்றம் பத்தில் ஒன்றாக வைத்தவர்கள் நாம். இங்கே நடப்பது வேறு. படத்தில் பேச்சு 1 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு வெடிச்சத்தம் 20 டெசிபெல் ஏறினால் அந்தக் கணத்துக்கு 100 வாட் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் திறன் பத்து மடங்கு. ஆம்ப்ளிஃபயரால் அதைத் தர முடியாவிட்டால் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படும், அதில் புதிதாகக் கிளம்பும் உயர் அதிர்வெண்கள் நேரே ட்வீட்டருக்கு, அதாவது ஸ்பீக்கர் பெட்டியில் கீச்சொலிக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும். சின்ன ஆம்ப்ளிஃபயர்தானே, ஸ்பீக்கரை என்ன செய்துவிடும் என்று சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் ட்வீட்டரைக் கருக்குவது இப்படித்தான். இதைத் தடுக்கத்தான் அந்தப் பத்தியே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே போய் மிகை என்று போட்டால் வாங்குகிறவர் முதலில் அதில்தான் கைவைப்பார்.

அதனால் என் ஓட்டு ‘திறன் கையிருப்பு’.

> இருப்பு என்றால் எடுக்க எடுக்கத் தீர வேண்டும். இது தீராதே?

டெசிபெலில் சொல்லும்போது இது வெறும் இடைவெளி, அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கணநேர உச்சத்துக்குக் கைகொடுப்பது மின்வழங்கியின் மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம். உச்சம் நீடித்தால் அதுவும் தீர்ந்துதான் போகும்.

பவருக்குத் திறன் வேண்டாம் என்று இலங்கை நண்பர் சொன்ன ‘வலு’ எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. சென்சிடிவிட்டிக்கு, அதாவது கொடுக்கும் பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவுக்கு, உணர்திறன் என்று போட்டுவிட்டு, “உணர்திறன் 88 டெசிபெல், திறன் 100 வாட்” என்று அடுத்தடுத்து எழுதினால் இரண்டும் ஒரே வகை அளவு என்று படிப்பவர் நினைத்துவிடுவார். வலு என்றால் அந்தக் குழப்பமே இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திறன் ஊன்றிவிட்டது, இந்தக் கையேடு அங்கே படித்தவர்களுக்கு. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்று சொல்லிவிட்டு, பெருக்குகிற கருவிக்குப் பெயர் தேடுகிறோமே என்ற ஆதங்கமும் நியாயம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் வேண்டாம்.

இதுவரை கையிருப்புக்கே ஆதரவு அதிகம். ஹெட்ரூம் என்றே விடலாம் என்பவர் இன்னும் இறங்கி வரவில்லை. முதல் முறை மட்டும் ‘திறன் கையிருப்பு, அதாவது ஹெட்ரூம்’ என்று எழுதப்போகிறேன். வேறு சொல் இருந்தால் நாளை இரவுக்குள் அனுப்புங்கள், ‘தலையிடம்’ தவிர.