சித்தப்பா கையில் ரத்தக்கட்டு

சித்தி: சித்தப்பா கையில் இரண்டு இடத்தில் நீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறார். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகிறது.

சித்தப்பா: காலையில் பல் தேய்க்கும்போது ஈறிலும் ரத்தம். ஸ்டென்டுக்காகக் கொடுத்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டு மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கிறேன்.

அக்கா: ஐயோ, வேண்டாம் சித்தப்பா! டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். இப்போதே அவருக்குப் போன் செய்து இதைச் சொல்லுங்கள்.

அக்கா: ஸ்டென்ட் ஓர் உலோக வலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உட்சுவர் படர்ந்து மூடச் சில மாதம் ஆகும். அதுவரை, ரத்தத்தை உறைய வைக்கும் சிறு அணுக்களான தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பே வரலாம்.

அண்ணன்: சரி, அதற்கு எதற்கு இரண்டு?

அக்கா: தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளப் பல வழி உண்டு. அப்படிக் கூப்பிடும் வேதிப்பொருள்கள்தான் திராம்பாக்சேனும் ஏடிபியும். ஆஸ்பிரின், திராம்பாக்சேனை உருவாக்கும் நொதியை முடக்கிவிடும். க்ளோபிடோக்ரல், ஏடிபி வந்து ஒட்டும் இடத்தை அடைத்துவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் முடங்கிய நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. 7 முதல் 10 நாள் வாழும் அது, கடைசிவரை அப்படியே இருக்கும்.

பெரியப்பா: ஏம்மா, என் வார்ஃபரினும் ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரைதானே? எனக்கு மட்டும் ஏன் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி?

அக்கா: எதுவுமே ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை பெரியப்பா, உறைவதைத்தான் தடுக்கும். உங்களுடையது தட்டணுவைத் தொடாது. கல்லீரல் வைட்டமின் கே கொண்டு செய்யும் 2, 7, 9, 10 ஆகிய உறைகாரணிகளை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களைக் குறைக்கும். சாப்பாட்டில் அந்த வைட்டமின் ஏறி இறங்கினால் மருந்தின் வேகமும் மாறும். சில ஆன்டிபயாடிக்கும் மாற்றிவிடும். கீரையை விட வேண்டாம், அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள்.

சித்தி: எதற்கு உடனே ஓட வேண்டும்?

அக்கா: மலம் தார்போலக் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், ரத்த வாந்தி எடுத்தால், அழுத்திப் பிடித்தும் 10 நிமிடத்தில் ரத்தம் நிற்காவிட்டால். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் போய்விடுங்கள் சித்தி. இது பெரியப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

சித்தப்பா: முட்டிவலிக்கு மூன்று நாளாக டைக்ளோஃபெனாக் போடுகிறேனே, அது பரவாயில்லையா?

அக்கா: அது வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தக்கசிவையும் கூட்டும். முதலில் அதை டாக்டரிடம் சொல்லுங்கள் சித்தப்பா!

சித்தப்பா: பேசிவிட்டேன். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மற்ற இரண்டும் தொடரும். நாளைக்கு ரத்தப் பரிசோதனை.

சித்தி: நானும் கூடப் போகிறேன்.