மறு: ஊருணி மண்டபத்துக் கல்

அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூச நடைக்குப் போய்விட்டு ஊருக்கு வந்த என் மாமியார் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். ஊருணி மண்டபத்தில் தளம் மாற்றினார்கள் அல்லவா, அப்போது தாரா கப்பலோடு கடலில் போன மேலவளவுக்காரருக்காகத் தூணோரம் பதித்திருந்த நினைவுக்கல்லைப் பெயர்த்துப் படித்துறைப் பக்கம் போட்டுவிட்டார்கள். இப்போது அதில் துணி துவைக்கிறார்கள். சோப்பு படிந்து, பெயர் இருக்கும் மேல் வரியே தெரியவில்லை. கீழே 1961 மட்டும் தெரிகிறது.

திரும்பப் பதித்து அந்த மூலையைப் பூசிக் கொடுக்கக் கொத்தனார் 18,000 ரூபாய் கேட்கிறார். என் பங்கு 5,000. அவர் போன நாளான ஏப்ரல் 8-க்குள் முடிந்தால் நன்றாக இருக்கும். தாரா கப்பல் கிடக்கும் கடல் எனக்கு இங்கிருந்து தூரமில்லை, உம் அல் குவைன் பக்கம்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

மேலவளவு மருமகன், ஷார்ஜா

—

தம்பிக்கு,

கல் இருக்கட்டும், முதலில் கணக்கு. ஊருணி தூர்வார வசூலித்ததில் மீதி எவ்வளவு, யார் கையில் இருக்கிறது? மூன்று தடவை கேட்டுவிட்டேன். வரவு செலவு வராமல் அடுத்த வசூல் எதற்கு?

இன்னொன்று. பொதுப்பணம் புள்ளிவரியில், அதாவது நம் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்டும் வரியில் வந்தது. கல்லில் இருப்பவர் நம் கோயில் புள்ளி இல்லை, மேலவளவு வீட்டார் கடையில் அடுத்தாள், அதாவது உதவியாள் வேலை பார்த்தவர். கல் வைத்ததும் அந்த வளவுச் செலவில்தான். கல்லிலேயே ‘கப்பல் விபத்தில் காலமானார்’ என்றுதான் வெட்டியிருக்கிறது. விபத்துக்கெல்லாம் கல் வைத்துக்கொண்டே போனால் ஊருணியில் கால் வைக்கப் படி மிஞ்சாது.

பினாங்கு

—

பினாங்குத் தம்பிக்கு ஆச்சி எழுதுவது.

கணக்கு கேட்பது சரிதான், கேள். ஆனால் அவர் விஷயத்தில் கணக்கு கேட்கிற கடைசி ஆள் நீயாக இருக்க வேண்டும். 1942-இல் பர்மாவை விட்டு எல்லோரும் நடந்து வந்தபோது அந்த மனிதர் முதுகில் கட்டிக்கொண்டு வந்தது கடைப் பேரேட்டை. பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வழியில் போட்டுவிட்டார். உங்கள் ஐயா எங்கள் கடையில் போட்டிருந்த பணத்துக்கு அதில் ஒரு பக்கம்தான் சாட்சி. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் என் அப்பச்சி (அப்பா) தவணை தவணையாகக் கொடுத்து முடித்தார்கள். உங்கள் வீட்டு முகப்பு அதில் கட்டியது. புள்ளியா இல்லையா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பர்மா போன பிறகு எங்கள் வளவில் அவருக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் பஹ்ரைனில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனார். வரும்போது டின் நிறையப் பேரீச்சம்பழம் கொண்டு வருவார். அந்தக் காலியான டின்கள்தான் எங்கள் வீட்டில் முறுக்கு வைக்க. ஒரு டின் இங்கே டொராண்டோ வரைக்கும் என்னோடு வந்தது. மருமகள் எடுத்துப் போட்டுவிட்டாள், அது வேறு கதை.

தாரா, பம்பாய்க்கும் பாஸ்ராவுக்கும் போய்வந்த பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கம்பெனிக் கப்பல். நாகப்பட்டினத்தில் நாமெல்லாம் ஏறிய ரஜுலாவும் அதே கம்பெனிதான். அதனால் அவர் சம்சாரம் ‘ரஜுலா கம்பெனிக் கப்பல் முழுகாது’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பல் துபாயில் நின்றபோது புயல் வந்து, ராத்திரி கடலுக்குள் போக வேண்டியதாயிற்று. வழியனுப்ப ஏறியவர்கள், சரக்கு இறக்க வந்த கூலியாட்கள் எல்லோரும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். விடிவதற்கு முன் வெடித்தது. காற்றில் தீ பரவி, படகை இறக்கினால் கவிழ்ந்து. 819 பேரில் 238 பேர் போய்விட்டார்கள். இழுத்துப் போகும்போது 10-ஆம் தேதி கப்பலும் முழுகிவிட்டது.

ஊருக்கு முதலில் வந்தது பேப்பர். பிழைத்தவர்களை வேறு கப்பல்கள் ஏற்றிக்கொண்டன என்று போட்டிருந்ததால், தந்தி வரும்வரை அந்த அம்மா தாலியோடு, தினம் பஸ் வரும் நேரத்துக்கு வந்து எங்கள் திண்ணையில் உட்காருவார்கள். என் ஆத்தா காப்பி கொடுத்தால் வாங்க மாட்டார்கள். உடல் வரவில்லை. தருப்பையில் உரு செய்து கொள்ளி வைத்தார்கள். நான் அப்போது பாவாடை கட்டுகிற வயசு. புல்லை எதற்கு எரிக்கிறார்கள் என்று கேட்டு அடி வாங்கினேன்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். தலைத்திவசத்துக்கு, முதல் வருஷத் திதிக்கு வைத்த கல் அது. கல்தச்சரிடம் சொன்னபோது விபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தோம். லண்டனில் விசாரணை நடந்ததே 1962-இல்தான். கடற்படை முக்குளிப்போர் இறங்கிப் பார்த்துக் கொண்டுவந்த தடயத்தை வைத்து, யாரோ வேண்டுமென்றே வைத்த வெடி என்று முடிவு சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. ஓமன் கிளர்ச்சிக்காரர்கள் மேல் சந்தேகம். ‘கல்லில் பொய் வெட்டிவிட்டேனே’ என்று அப்பச்சி எத்தனையோ தடவை சொன்னார்கள், ஆனால் மாற்றவில்லை. அப்புறம் அவர்களும் போய்விட்டார்கள்.

திரும்பப் பதிப்பதானால் அடியில் ஒரு வரி வெட்டிப் பதியுங்கள்: வெடி வைத்துக் கொல்லப்பட்டார். 18,000-த்தில் தம்பி போட்டதுபோக மிச்சம் 13,000 நான் அனுப்புகிறேன், பொதுப்பணம் வேண்டாம். இந்த வரிக்கு ஆகிற கூலி மட்டும் ஊர் கொடுக்கட்டும்.

ஆச்சி, டொராண்டோ

—

ஆச்சி சொல்வது நியாயம். இருந்தாலும் செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் அந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். ‘கொல்லப்பட்டார்’ என்று வாசலிலேயே இருந்தால் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ‘கடலில் கலந்தார்’ என்று கௌரவமாகப் போடலாமே.

சிங்கப்பூர்

—

அவர் கலக்கவில்லை அப்பா. ஊருக்கு வந்துகொண்டிருந்தார்.

ஆச்சி

—

கல்தச்சரிடம் பேசினேன். எழுத்துக்கு 60 ரூபாயாம். ஆச்சி சொன்ன வரி பதினாலு எழுத்து, 840 ரூபாய்.

ஷார்ஜா

—

அதில் ஆறு புள்ளி எழுத்து. புள்ளிக்குத் தனிக் கூலியா, எழுத்தோடு சேர்த்தியா என்று கேட்டு எழுது. எதுவானாலும் அந்த வரி என் கணக்கில் இருக்கட்டும். ரசீது வேண்டும்.

தூர்வாரின மீதி என்ன ஆயிற்று என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பினாங்கு