புது நோடு கிளஸ்டரில் சேர டோக்கனை எப்படிக் கொடுக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. கியூப்அட்மின் என்ற கருவி வைத்துக் கட்டிய குபர்நெட்டிஸ் கிளஸ்டர் (கன்டெய்னர்களை ஓட்டும் மெஷின்களின் கூட்டம்; ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு) ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். லோடு ஏறினால் புது மெஷின் தானாக எழுந்து, முதல் பூட்டில் மெஷினை அமைக்கும் கிளவுட்-இனிட் ஸ்கிரிப்ட் ஓடி, கிளஸ்டரில் சேர்ந்துவிட வேண்டும். சேரும்போது நோடு காட்டும் ரகசியக் குறியான ஜாயின் டோக்கனுக்கு இயல்பாக 24 மணி நேரம்தான் ஆயுள். அதனால் எனக்கு முன்னால் இருந்தவர் காலாவதியே ஆகாத டோக்கன் ஒன்றை யூசர்-டேட்டாவில் (மெஷின் எழும்போது கிளவுட் அதற்குக் கொடுக்கும் அமைப்புத் தகவல்) எழுதி வைத்திருக்கிறார். நேற்று ஒரு சாதாரண கன்டெய்னருக்குள் போய் மெஷினுக்கு அதன் யூசர்-டேட்டாவைக் கிளவுட் தரும் 169.254.169.254 முகவரிக்கு கர்ல் அடித்துப் பார்த்தேன். டோக்கன் முழுசாகத் திரையில் வந்து நின்றது. பகீரென்றது.

சிஏ ஹாஷ் (கிளஸ்டரின் சான்றிதழ் ஆணையச் சாவியின் கைரேகை) கொடுத்திருக்கிறோம், சரி. ஆனால் அது சர்வர் உண்மையானதா என்று நோடுக்குத்தான் சொல்கிறது. வருகிற நோடு நம்முடையதா என்று சர்வருக்குச் சொல்வதில்லை.

ஒவ்வொரு மெஷினுக்கும் 15 நிமிட டோக்கன் தனியாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டு வரும் மெஷின் எங்களுடையதுதான் என்று முதலில் எப்படி உறுதி செய்வது? கிளவுட் கையெழுத்திட்டுத் தரும் இன்ஸ்டன்ஸ் அடையாளத்தை வால்ட்டிடம் (ரகசியங்களைக் காத்துத் தரும் சர்வர்) காட்டி வாங்குகிறீர்களா? அப்புறம், நோடு தனக்குச் சான்றிதழ் கேட்டு அனுப்பும் சிஎஸ்ஆரைத் தானாக அப்ரூவ் ஆகவிடுகிறீர்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பழைய டோக்கனை இந்த வாரமே அழித்தாக வேண்டும்.